மூவடியில் இளவேனில்

நாளுக்கு ஒரு ஹைக்கூ என்னும் நோன்பை மேற்கொள்வோர் இன்று உலகெங்கும் உள்ளனர். வசந்த காலம் தொடங்கும் நாளில் ஒரு குறிப்பேட்டைத் திறந்து, இயற்கையில் அன்றன்று கண்டதை மூன்று அடிகளில் எழுதி, பருவம் முடியும் நாளில் மூடிவைப்பது அந்நோன்பின் முறை. தமிழரிடையேயும் இவ்வழக்கம் வேரூன்றி வருகிறது. எழுதுவதற்குப் பெரும்புலமை வேண்டியதில்லை, பொழுதும் மிகுதியாக வேண்டியதில்லை என்பதால், அலுவலகத்திலும் தோட்டத்திலும் பள்ளியிலும் பணிபுரியும் எளியோர்க்கு இது கைவந்த கலையாகத் தோன்றுகிறது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் நாள்தோறும் எழுதுவதால் நம் கண் கூர்மை பெறுகின்றதா, குறிப்பேடு மட்டும் நிறைகின்றதா என்னும் வினாவை ஒருவரேனும் எழுப்புதல் வேண்டும். கேரள எல்லையில், பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வினா மேலும் ஒரு காரணத்தால் இன்றியமையாதது. அக்காரணம் கட்டுரையின் போக்கில் விளங்கும்.

ஹைக்கூ வந்த வழி

ஜப்பானியக் குறுங்கவிதையைத் தமிழர்க்கு முதன்முதல் அறிமுகம் செய்தவர் பாரதியார். புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், 1916ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசமித்திரனில் அவர் எழுதிய ‘ஜப்பானியக் கவிதை’ என்னும் கட்டுரையே அவ்வறிமுகம். நோகுச்சி என்னும் ஜப்பானியப் புலவரின் கருத்துகளை வாயிலாகக் கொண்டு அவர் எடுத்துக்காட்டிய சிறப்பு, சொற்சுருக்கம். அந்த விதை முளைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ 1974இல் வெளிவந்தபோது அதில் ஹைக்கூ நெறியில் அமைந்த கவிதைகள் இடம்பெற்றன. 1984ஆம் ஆண்டு இத்துறையில் குறிக்கத்தக்க ஆண்டாகும். அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ ஆகிய தொகுதிகள் அவ்வாண்டில் தோன்றின. அடுத்த ஆண்டில் ஈரோடு தமிழன்பனின் ‘சூரியப் பிறைகள்’ வந்தது. 1991இல் சுஜாதா ஹைக்கூவை அறிமுகம் செய்து ஒரு நூலே எழுதினார். அதன்பின் வெளிவந்த தொகுதிகளை எண்ணி மாளாது.

இவ்வரலாற்றில் ஒன்று கருதத்தக்கது. பாரதியார் சுட்டிய சுருக்கம் நமக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. சுருக்கத்திற்கு உயிராக நின்ற பருவமோ வழியிலேயே நின்றுவிட்டது.

வடிவம் வந்தது, பருவம் வந்ததா?

ஜப்பானிய ஹைக்கூவுக்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு ஒலியளவில் அமைதல் ஒன்று. ஓரிடத்தில் பொருளை வெட்டி நிறுத்தும் அசைச்சொல் மற்றொன்று. இன்ன பருவம் என்று உணர்த்தும் பருவச்சொல் மூன்றாவது. இவற்றுள் பருவச்சொல் பின்னர் ஒட்டிய அணி அன்று. பலர் கூடித் தொடர்ந்து பாடும் தொடர்கவிதையின் தொடக்கப் பாட்டே பிற்காலத்தில் தனித்து நின்று ஹைக்கூ ஆயிற்று. அத்தொடக்கப் பாட்டு, கூடியிருக்கும் பொழுது எத்தகையது என்று சொல்லியாக வேண்டும் என்பது விதி. பாஷோ, பூசன், இஸ்ஸா ஆகிய பெருங்கவிஞர் மூவரும் அவ்விதியின் வழியே நின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு ஹைக்கூ என்று பெயரிட்ட ஷிகி, பழமை பலவற்றைக் களைந்தவர். ஆயினும் பருவச்சொல்லைக் களைந்தாரல்லர். பருவச்சொற்களைத் தொகுத்து வகைப்படுத்திய அகராதிகளே அந்நாட்டில் உண்டு. தவளை என்றால் வசந்தம். அடையின்றி நிலவு என்றால் இலையுதிர்காலம். ஒரு சொல்லைச் சொன்ன அளவில் ஒரு பருவம் முழுதும் படிப்போன் உள்ளத்தில் எழுந்துவிடுகிறது. பதினேழு ஒலிகளில் ஒரு கவிதை நிற்க முடிகிறது என்றால், அதன் பின்னால் இத்தகைய ஊர்ப்பொது நினைவு ஒன்று இருப்பதால்தான்.

தமிழில் என்ன நிகழ்ந்தது? ஒலியளவு நமக்குப் பொருந்தாது என்று விடப்பட்டது, அது சரியே. ‘உதிர்ந்துகொண்டிருக்கின்றன’ என்னும் ஒரு வினைமுற்றே பதினான்கு எழுத்துகளைக் கொள்ளும். ஒற்றை நீக்கி எண்ணினும் ஒன்பது எஞ்சும். இத்தகைய மொழியில் பதினேழை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மூன்று அடி எனக் கொண்டதும் ஏற்கத்தக்கதே. ஆனால் வெட்டுச்சொல்லின் இடத்தை ஈற்றடியில் வைக்கும் ஒரு திடீர்த் திருப்பம் பிடித்துக்கொண்டது. பருவச்சொல்லின் இடத்தை ஒரு சமுதாயக் கருத்து பிடித்துக்கொண்டது. இவ்வகைக்கு ஒரு மாதிரி தருகிறோம். இது எவரும் எழுதிய கவிதை அன்று, விளக்கத்திற்காகக் கட்டியது.

வசந்தம் வந்ததாம்;
வாசலே இல்லாத வீட்டுக்கு
எப்படி வந்தது?

கவியரங்க மேடையில் இதற்குக் கைதட்டல் உறுதி. இரக்கம் பொய் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் இது எந்தத் திங்களில் எழுதப்பட்டது? எந்த ஊரில்? எழுதியவர் அன்று கண்டது என்ன? மூன்று வினாக்களுக்கும் விடையில்லை. இதை ஐப்பசி அடைமழையில் அறைக்குள் அமர்ந்தும் எழுதலாம். மனித வாழ்வின் முரண்களை எள்ளும் இவ்வகைக்கு ஜப்பானியரிடம் தனிப்பெயர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கராய் சென்ரியூவின் பெயரால் அதனைச் சென்ரியூ என்பர். அதற்குப் பருவச்சொல் வேண்டியதில்லை. நம் ஹைக்கூத் தொகுதிகளில் பெரும்பகுதி சென்ரியூவே ஆகும். எழுபது, எண்பதுகளின் புதுக்கவிதை இயக்கம் சமுதாயக் கோபத்தில் பிறந்தது என்பதை நினைத்தால் இதற்குக் காரணம் புலனாகும். சென்ரியூ எழுதுவது குற்றமன்று. இயற்கையை நாள்தோறும் நோக்கி எழுதுவேன் என்று உறுதி பூண்டவர் அதனை எழுதிவிட்டு நோன்பு முடிந்தது என்பதே பொருந்தாதது.

இளவேனில் என்னும் சொல்

இயற்கையைப் பாடவே முனைந்தவர்களிடம் வேறொரு குறை காணப்படுகிறது. அவர்கள் பாடும் வசந்தம் யாருடையது? பனி உருகுகிறது, செர்ரி மலர்கிறது, உறைந்த ஓடை மீண்டும் பேசுகிறது. இவை மொழிபெயர்ப்பு நூல்களில் படித்த வசந்தம். வடநாடுகளில் வசந்தம் என்பது கடுங்குளிரிலிருந்து விடுதலை. அங்கே மக்கள் கதவைத் திறந்து வெளியே வரும் காலம் அது.

நம் பருவத்தின் பெயரை நோக்குவோம். இளவேனில் என்பது இளமையான வேனில்; வெப்பத்தின் குழந்தைப் பருவம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்றும் உரையாசிரியர்கள் பகுத்தனர். குளிர் போயிற்று என்பதைக் காட்டிலும், வெயில் வந்துகொண்டிருக்கிறது என்பதையே அப்பெயர் நமக்குச் சொல்கிறது. ஆகவே நம் வசந்தத்தின் அழகு, அச்சம் கலந்த அழகு. முருக்கும் இலவமும் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, வெறுங்கிளையில் சிவக்கச் சிவக்கப் பூக்கின்றன. கொன்றை, நீர் வற்றும் காலத்தில் பொன்னைச் சொரிகிறது. வேம்பு, காற்றில் அனல் ஏறும்போதுதான் தேன்மணம் பரப்புகிறது. மழையை எதிர்பாராமல், மழைக்கு முன்பே பூத்துவிடும் மரங்களின் பருவம் இது. இத்தகைய பருவத்தை உறைபனி உருகும் வசந்தத்தின் சொற்களால் பாடினால் கவிதை பொய்யாகும்.

ஓதலாந்தையாரின் பத்து

நம் இளவேனிலைச் சிறிய பாட்டில் வைத்துக் காட்டியவர் உண்டா என்று தேடுவோர்க்கு ஐங்குறுநூறு விடை தருகிறது. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னன் தொகுப்பித்த நூல் அது, 1903இல் உ.வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். மூன்றடிச் சிறுமையும் ஆறடிப் பெருமையும் உடைய ஐந்நூறு பாடல்களுள், பாலைத்திணை நூறும் ஓதலாந்தையார் பாடியவை. அந்நூறனுள் ‘இளவேனிற்பத்து’ என்று ஒரு பகுதி உண்டு. பொருள் தேடச் சென்றவன் திரும்புவதாகச் சொன்ன பருவம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. இந்த ஒரே செய்தியைப் பத்துப் பாடல்களும் ஒரே முதலடியில் சொல்கின்றன. எஞ்சிய அடிகளில்தான் பாட்டுக்குப் பாட்டு வேறுபாடு.

ஒரு பாட்டில் குயிற்பெடை கூவுகிறது. மெல்லிய அறல்மணல் நுடங்குகிறது. ஒன்றில் கோங்கின் கொழுத்த அரும்பு உடைகிறது. ஒன்றில் குரவம், கைவினைஞர் செய்யாத பாவையைத் தருகிறது. ஒன்றில் பாதிரி மலர, செங்கண் குயில் அதனை ஊரறியச் சொல்கிறது. ஒன்றில் பொரி போன்ற பூவையுடைய புன்கு வருகிறது. ஒன்றில் மாமரம் தீயின் நிறத்தில் தளிர் ஈன்று கிளையை மறைக்கிறது. பத்தாவதில் வேப்பம்பூ உதிர்கிறது. ஒரு பெண் நாளுக்கு ஒருமுறை வாயிலில் வந்து நின்று, அன்று புதிதாகப் பூத்தது எது என்று பார்த்துச் சென்றதுபோல் இப்பத்தும் அமைந்துள்ளது. முதலடி ஏகாரத்தில் முடிந்து நிற்கிறது. ஒரு மூச்சுக்குப் பின் காட்சி தொடங்குகிறது. ஜப்பானியர் வெட்டுச்சொல்லால் செய்வதை இந்த ஏகாரம் செய்துவிடுகிறது.

இதைக் கண்டவுடன், ஹைக்கூ நம்மிடம் இருந்ததே என்று மேடையேறி முழங்கிவிடுதல் எளிது. அம்முழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஓதலாந்தையார் பாடலில் குயிலும் கோங்கும் தமக்காக நிற்கவில்லை. பிரிவு என்னும் உரிப்பொருளுக்காக நிற்கின்றன. பேசுபவள் தலைவி, புலவர் மறைந்து நிற்கிறார். ஹைக்கூவில் எழுதுவோன் தானே அப்பொழுதில், அவ்விடத்தில் நிற்கிறான். பூ பூவாகவே இருந்தால் போதும். இரண்டும் வேறு வேறு மரபுகள். முன்னோர் பெருமையைச் சொல்லி இவ்வேறுபாட்டை மறைப்பதால் இரண்டுக்கும் இழப்பே.

ஆயினும் அப்பத்திலிருந்து நாம் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. மரம் என்று பொதுவாகவும் பூ என்று பொதுவாகவும் அப்புலவர் சொல்லவில்லை. பெயர் சொல்கிறார், பெயரோடு அதன் தனித்தன்மை ஒன்றையும் சொல்கிறார். கோங்குக்கு உடையும் அரும்பு, புன்குக்குப் பொரிநிறப் பூ, மாவுக்கு எரிநிறத் தளிர். இத்தெளிவு ஏட்டறிவால் வருவதன்று. பார்த்தவன் மட்டுமே சொல்லக்கூடியது.

ஒரு பருவம், இரு நிலம்

தொல்காப்பியர் முதற்பொருள் என்று வகுத்தது நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே ஆகும். ஜப்பானியப் பருவச்சொல் மரபு பொழுதைப் போற்றுகிறது. நம் மரபோ பொழுதை நிலத்தோடு பிணைக்கிறது. ஹைக்கூ எழுதும் தமிழன் தன் பங்காகச் சேர்க்கத்தக்கது இதுவே என்பது நம் கருத்து. இதற்கு நம் எல்லைப் பகுதியைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலத்தில் திறந்துகிடக்கும் வாயில் பாலக்காட்டுக் கணவாய். மார்கழியிலும் தையிலும் கொங்குநாட்டுப் பக்கத்திலிருந்து வறண்ட கீழ்காற்று அவ்வழியே இரைந்து வருகிறது. பங்குனியில் வெப்பம் நாற்பது பாகையைத் தொடும் நாள்கள் உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பனைகள் அவ்வெயிலில் அசையாமல் நிற்கின்றன. பாலை மரம் செறிந்த காடு ஆதலின் பாலக்காடு என்பர் ஒரு சாரார். பெயர்க்காரணம் எதுவாயினும், நண்பகலும் வேனிலும் பாலைக்கு உரியன என்ற இலக்கணம் அங்கே கண்ணெதிரே நிற்கிறது. அந்நிலத்தின் இளவேனிலை இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்.

பனையின் நிழலில்
ஒரே ஓர் ஆடு;
பங்குனி நண்பகல்.

அதே நாளில் மூணாற்றில் நிலைமை வேறு. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் உள்ள அம்மலையூரில் மார்கழி, தையில் உறைபனி விழுவதும், அதனால் தேயிலை கருகுவதும் உண்டு. அங்கே வசந்தம் மெய்யாகவே குளிரிலிருந்து விடுதலை. பங்குனியில் தேயிலைத் தோட்டங்களின் ஊடே ஜகராண்டா மரங்கள் நீலமாகப் பூக்கின்றன. கோடைமழை ஒன்று பெய்து எட்டுப் பத்து நாள் கழிந்ததும், இடுக்கியின் காப்பித் தோட்டங்கள் ஒரே இரவில் வெண்மையாகி மல்லிகை மணம் வீசும்; சில நாளில் அது முடிந்துவிடும். மூணாற்றிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் இறங்கினால் மறையூர். அது மழைமறைவு நிலம். சந்தனக்காடும் கரும்புத் தோட்டமும் உள்ள வேறோர் உலகம். மூணாற்றின் இளவேனிலுக்கு ஓர் எடுத்துக்காட்டு:

கொழுந்து நிறுக்கும் தராசு;
வந்து விழுந்த நீலப் பூவுக்கு
முள் அசையவில்லை.

இவ்விரண்டும் சிறந்த ஹைக்கூ என்று காட்ட வந்தவை அல்ல. கருத்து விளங்கக் கட்டியவை. முதலாவதை மூணாற்றில் எழுத முடியாது. இரண்டாவதைச் சித்தூரில் எழுத முடியாது. இரண்டையும் கார்த்திகையில் எழுத முடியாது. இதுவே நாம் வேண்டும் அளவுகோல். இரண்டாவதில் வறுமை என்றோ உழைப்பு என்றோ ஒரு சொல் இல்லை. எனினும் நாள் முழுதும் கொழுந்து பறித்தவள், தன் கூலிக்குரிய எடையை அந்த முள்ளிலேதான் பார்த்து நிற்கிறாள் என்பதைத் தோட்டத்தை அறிந்தவர் உணர்வர். சமுதாயக் கருத்து வேண்டுவோர்க்கும் பருவமும் நிலமும் பகையல்ல. சொல்லாமல் விடப்பட்ட கருத்து, சொல்லப்பட்டதினும் ஆழமாகத் தங்கும். உள்ளுறையும் இறைச்சியும் கண்ட மொழிக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஜகராண்டா தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம்; அது தமிழ்ப் பருவச்சொல் ஆகுமா என்று சிலர் வினவக்கூடும். தேயிலையும் காப்பியும் வந்த மரங்களே. அம்மலையில் உழைத்து வாழும் தமிழ்க் குடும்பங்களின் மூதாதையரும் சமவெளியிலிருந்து சென்றவரே. வேரூன்றியதைப் பாடுவதற்குத் தடையில்லை. குறிஞ்சியை மட்டுமே பாடுவேன் என்பவர் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். 2006இலும் 2018இலும் அங்கே நீலக்குறிஞ்சி பூத்தது. நாள்தோறும் எழுதுவோர்க்கு அந்தக் கணக்கு ஒத்துவாராது.

நாள்தோறும் எழுதுதல்

இனி நாள்தோறும் என்பதற்கு வருவோம். அலுவலகத்தில் பணிபுரிவோர் ஒன்றை நன்கறிவர். வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவது வேறு. வேலை செய்வது வேறு. நாளுக்கு ஒரு ஹைக்கூ என்னும் நோன்பு கையொப்பமாகவே முடிந்துவிடும் இடர் பெரிது. முப்பது நாளில் முப்பது கவிதை என்னும் எண்ணிக்கையில் மகிழ்ந்து, முப்பதிலும் ‘பூ சிரித்தது, காற்று பேசியது’ என்றே எழுதிச் செல்வோர் உளர்.

ஆனால் முன்னோடிகள் நாள்தோறும் எழுதியது எண்ணிக்கைக்காக அன்று. இஸ்ஸா தம் வாழ்நாளில் ஏறத்தாழ இருபதாயிரம் ஹைக்கூ எழுதியவர். அவற்றுள் பெரும்பாலானவை நாட்குறிப்புகளில் பதிந்தவை. ‘என் வசந்தம்’ என்று பொருள்படும் பெயருடைய அவரது நூல் 1819ஆம் ஆண்டின் நாள்களை உரைநடையாலும் ஹைக்கூவாலும் சொல்வது. அவ்வாண்டில்தான் அவருடைய சிறுமகள் அம்மை நோயால் இறந்தாள். பூவும் பூச்சியும் பனித்துளியும் நிறைந்த அதே ஏட்டில் அத்துயரும் இருக்கிறது. ஷிகி முதுகெலும்பைப் பற்றிய காசநோயால் படுக்கையிலேயே கிடந்தவர். உள்ளதை உள்ளவாறு வரைதல் என்னும் கொள்கையை வலியுறுத்திய அவர், 1902ஆம் ஆண்டில் தம் படுக்கையைப் பற்றிய குறிப்புகளை இறப்பதற்கு இரண்டு நாள் முன்வரை நாளிதழில் எழுதிவந்தார். கறுப்பின அமெரிக்க நாவலாசிரியர் ரிச்சர்டு ரைட், பாரிஸ் நகரில் நோயுற்றிருந்த தம் இறுதிக் காலத்தில் ஏறத்தாழ நாலாயிரம் ஹைக்கூ எழுதினார், 1960இல் மறைந்தார். இம்மூவரும் ஓய்வு மிகுந்து எழுதியவரல்லர். உலகம் கையைவிட்டு நழுவும்போது, இன்று இது இருந்தது, இதை நான் கண்டேன் என்று பதிந்துவைத்தவர்கள். நாள்தோறும் எழுதுவதன் தகுதி அவ்வுணர்விலிருந்து பிறப்பது.

பயிற்சி என்னும் நிலையிலும் இதற்குப் பயனுண்டு. ஒருவர் தம் வீட்டு வேம்பைப் பார்த்து முதல்நாள் எழுதுவது, வேம்பு பூத்தது, மணம் நிறைந்தது என்ற அளவில் இருக்கும். அது அனைவரும் அறிந்த செய்தி. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதனையே எழுத நாணி, வேறு எதையேனும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் வருகிறது. பத்தாம் நாள் அவர் இப்படி எழுதக்கூடும்:

வேப்பம்பூ படிந்த திண்ணை;
பூனை எழுந்து சென்ற இடம்
மட்டும் வெறுமை.

முதல்நாள் எழுதியதற்கு வேம்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் போதும். பத்தாம் நாள் எழுதியதற்குத் திண்ணையைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்பது சாதாரணக் கவிதைகள் பத்தாவதற்குக் கொடுத்த விலை. ஆகவே அவ்வொன்பதையும் அச்சேற்ற வேண்டியதில்லை; எழுதாமலும் இருக்க வேண்டியதில்லை.

நாளும் இடமும் குறித்து எழுதுவதில் இலக்கியத்திற்கு அப்பாற்பட்ட பயனும் ஒன்றுண்டு. கியோட்டோ நகரில் செர்ரி முழுமையாக மலர்ந்த நாள் பற்றிய குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டு முதலே கிடைக்கின்றன. பழைய நாட்குறிப்புகளிலிருந்தும் கவிதைகளிலிருந்தும் ஆய்வாளர் அவற்றைத் திரட்டினர். 2021ஆம் ஆண்டில் மார்ச் 26ஆம் நாள் அங்கே மலர்ந்ததே, அதுவரையிலான ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவுகளுள் மிக முற்பட்ட நாள் என்று அதனால் அறிய முடிந்தது. நம் பகுதியில் விஷுவுக்குக் கணி காணும் கொன்றை, சித்திரை பிறப்பதற்குப் பல நாள் முன்பே பூத்து உதிர்ந்துவிடும் ஆண்டுகளைக் காண்கிறோம். கண்டதாகச் சொல்கிறோமே அன்றி, எந்த ஆண்டில் எந்த நாளில் என்று நம்மிடம் ஏடு இல்லை.

செய்யத்தக்கது

தொடக்கத்தில் குறித்த காரணத்தை இனிச் சொல்லலாம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது, சென்னை மாநிலத்து மலபாரிலிருந்து பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தேவிகுளமும் பீருமேடும் அதன் பகுதியாயின. அதன்பின் இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளைகள் பலர்க்குக் கொன்றை மலையாளப் பாடநூலின் வழியும், வசந்தம் ஆங்கிலப் பாடநூலின் வழியும் அறிமுகமாகின்றன. குரவமும் பாதிரியும் புன்கும் தேர்வுக்குரிய அருஞ்சொற்பொருளாக நின்றுவிட்டன. பெயர் தெரியாத மரம் கண்ணுக்குப் பச்சையாகவே படும். நூறு மரங்களும் ஒரே பச்சையாகிவிட்டால் இளவேனில் என்னும் சொல்லுக்கும் பொருள் இராது. நம் தமிழ் இங்கே முதலில் இழக்கத் தொடங்கியிருப்பது இத்தகைய பெயர்களையே. அப்பெயர்களை இழந்தவன் எழுதும் மூன்றடியில் இடமும் இராது, பொழுதும் இராது.

மலையாளத்தைப் பகைமொழியாக எண்ணி இதைச் சொல்லவில்லை. உண்மையில் இழந்த பெயர்களை மீட்க அம்மொழி நமக்கு உதவும். புன்கு என்று ஓதலாந்தையார் பாடியதை நாம் புங்கம் என்கிறோம். அவர்கள் உங்ஙு என்கிறார்கள். கொன்றை அவர்களிடம் கொன்ன. பாதிரி அவர்களிடமும் பாதிரியே. சேரன் தொகுப்பித்த நூலின் பூக்கள் எல்லைக்கு இருபுறமும் பூக்கின்றன. குறுங்கவிதையை எளிய மக்களிடமும் குழந்தைகளிடமும் கொண்டுசென்ற குஞ்ஞுண்ணி போன்ற கவிஞர் ஒருவர் 2006 வரை அம்மொழியில் வாழ்ந்தார் என்பதும் நமக்கு ஊக்கம் தரத்தக்கது.

ஆதலின் நம் சங்கங்கள் செய்யத்தக்கவை இரண்டு உள. முதலாவது, ஊர்தோறும் ஒரு பருவச்சொற்பட்டி தொகுத்தல். சித்தூருக்கு ஒன்று, மூணாற்றுக்கு ஒன்று, மறையூருக்கு ஒன்று, குமுளிக்கு ஒன்று எனத் தனித்தனியே அமைதல் வேண்டும். எந்தத் திங்களில் எது பூக்கிறது, எந்தப் பறவை வருகிறது, எந்தக் காற்று வீசுகிறது, அன்று வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பவற்றை அந்தந்த ஊரில் வழங்கும் சொல்லாலேயே குறித்தல் வேண்டும். புலவர்களைக் கேட்பதினும் பனையேறுவோரையும் கொழுந்து பறிப்போரையும் ஆடு மேய்ப்போரையும் பாட்டிமார்களையும் கேட்பது பயன் தரும். இரண்டாவது, பங்குனி முதல் நாள் தொடங்கி வைகாசி முடியும்வரை, விரும்புவோர் நாளுக்கு ஒன்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் நாளையும் ஊரையும் குறித்து, பருவ முடிவில் கூடிப் படித்தல். கூட்டத்தில் கைதட்டல் வேண்டாம். கேட்பவர், இது எந்த ஊர், எந்தத் திங்கள் என்று கூற முடிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கூற முடிந்தவற்றை ஏட்டில் ஏற்றலாம். முடியாதவற்றை எழுதியவரிடமே திருப்பித் தரலாம்.

ஓதலாந்தையாரின் தலைவிக்கு வரவேண்டியவன் வரவில்லை. பருவம் மட்டும் தவறாமல் வந்தது. அவள் அதன் பூக்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் குறித்துவைத்தாள். நம் எல்லையூர்களிலும் கொன்றையும் வேம்பும் காப்பியும் ஆண்டுதோறும் தத்தம் பொழுதில் பூக்கின்றன. அவற்றைத் தமிழில் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர் வருகிற இளவேனிலிலும் இங்கே சிலரேனும் இருப்பாரேல், இவர்கள் எழுதும் மூன்றடி அளவிற் சிறிதாயினும் அதன் பயன் சிறிதாகாது.